எண் போய்ச் சேரும் வாசல்

2024 ஜூலை 31-ஆம் திகதியோடு, வட அமெரிக்க வீடுகள் சிலவற்றின் சுவரில் மாட்டியிருந்த ஒரு கருவி இணையத்தை விட்டு விலகியது. கருவி பழுதாகவில்லை. சூடு கேட்டால் சூடு வந்தது, கோடையில் குளிர் கேட்டால் குளிர் வந்தது. கைபேசியில் திறந்து பார்த்தால் மட்டும் ஒன்றும் வரவில்லை. ‘ஈக்கோபீ ஸ்மார்ட்’ என்ற அந்தத் தேர்மோஸ்டாட், வைஃபை வழியாக இணையத்தோடு பேசத் தெரிந்த முதல் தேர்மோஸ்டாட்களில் ஒன்று. அதைச் செய்தவர்கள் நம்முடைய ரொறன்ரோக்காரர்கள்.

ஸ்டூவர்ட் லொம்பார்ட் 2007-இல் ஈக்கோபீ நிறுவனத்தை இங்கே தொடங்கினார். மின்சாரத்தையும் எரிவாயுவையும் மிச்சம் பிடிக்க அவர் தன் வீட்டில் போட்டுப் பார்த்த பழைய தேர்மோஸ்டாட் கொடுத்த தொல்லைதான் தொடக்கம். ஆள் இல்லாத வீட்டுக்கு ஏன் சூடு, ஆள் வரும் நேரத்தில் ஏன் குளிர் என்ற கேள்வி கனடாவில் வீடு வைத்திருக்கும் எல்லோருக்கும் மாதக் கடைசியில் பில்லாக வரும் கேள்வி. லொம்பார்ட்டின் விடை இதுதான்: கருவி வெப்பநிலையை அளக்கட்டும், அளந்ததை இணையத்துக்கு அனுப்பட்டும், வீட்டுக்காரர் எங்கிருந்தும் பார்த்துக் கூட்டட்டும் குறைக்கட்டும்.

2014-இல் வந்த ‘ஈக்கோபீ3’ இன்னொரு படி போனது. பெரும்பாலான வீடுகளில் தேர்மோஸ்டாட் இருப்பது நடைபாதைச் சுவரில். அது நடைபாதையின் வெப்பத்தை மட்டும் அறியும். வடக்குப் பார்த்த படுக்கையறை உறைகிறதா என்று அதற்குத் தெரியாது. ஆகவே கைக்கடக்கமான சென்சர் ஒன்றைத் தனியாகக் கொடுத்தார்கள். எந்த அறையிலும் வைக்கலாம். அது வெப்பத்தோடு ஆள் நடமாட்டத்தையும் கவனித்துச் சொல்லும். அந்த இரண்டாவது வேலையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

2021-இல், மின்பிறப்பாக்கிகளுக்குப் பேர்போன அமெரிக்க நிறுவனமான ஜெனராக், 77 கோடி அமெரிக்க டாலர் வரை தருவதாகப் பேசி ஈக்கோபீயை வாங்கியது. பெட்டிக்கு மட்டும் யாரும் அவ்வளவு கொடுப்பதில்லை. பல லட்சம் வீடுகளின் சுவரிலிருந்து ஓயாமல் வந்து விழும் எண்களுக்கும், அந்த வீடுகளின் சூட்டையும் குளிரையும் ஒரே நேரத்தில் கூட்டிக் குறைக்கக்கூடிய இடத்தில் இருப்பதற்கும் சேர்த்துத்தான் அந்த விலை என்பது என் கணிப்பு.

அந்த எண்களுக்கு ஒரு நல்ல பயனும் இருந்தது. ‘டொனேட் யுவர் டேட்டா’ என்ற பெயரில், விரும்பிய வாடிக்கையாளர்கள் தங்கள் வீட்டு அளவுகளை ஆய்வாளர்களுக்குத் தானமாகக் கொடுக்க ஈக்கோபீ ஏற்பாடு செய்தது. பெயரும் முகவரியும் நீக்கப்பட்டு, 5 நிமிடத்துக்கு ஒரு வரியாக அந்தப் பதிவுகள் போயின. வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பிளினியோ மொரிட்டாவின் குழு, கனடாவின் பொதுச் சுகாதார முகமையோடு சேர்ந்து அவற்றை ஆராய்ந்தது. மக்கள் எத்தனை மணிக்குத் தூங்குகிறார்கள், எத்தனை நேரம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள், வெயில் உச்சத்தில் வீட்டுக்குள் எவ்வளவு வேகிறார்கள் என்பதையெல்லாம் ஒருவரிடமும் ஒரு கேள்வி கேட்காமல் அறியலாம் என்று அந்த ஆய்வுகள் காட்டின. ஆய்வாளருக்கு அது பொன். கொஞ்சம் நிதானித்து யோசிப்பவருக்கு அதே செய்தி வயிற்றைக் கலக்கும். சூட்டை அளக்க வைத்த கருவி தூக்கத்தையும் அளந்துவிட்டதே!

அளந்த எண்ணை இணையத்துக்கு அனுப்பும் வேலைக்கு ஒரு காலத்தில் முதலீடும் பொறியாளர் படையும் தேவைப்பட்டன. இன்றைக்கு ஸ்காபரோவில் பதினோராம் வகுப்புப் படிக்கும் பிள்ளை சாப்பாட்டு மேசையில் வைத்து இதைச் செய்துவிடுகிறது. காரணம் 2014-இல் சந்தைக்கு வந்த ஒரு சீனச் சிப். ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் செய்த ஈஎஸ்பி8266, கட்டைவிரல் நகம் அளவுள்ள பலகையில் வைஃபையோடு சில டாலருக்குக் கிடைத்தது. முதலில் ஆங்கிலத்தில் ஒழுங்கான கையேடுகூட இல்லை. ஆர்வலர்கள் தாங்களே மொழிபெயர்த்து, தாங்களே நோண்டி, 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்காகப் பிறந்த ஆர்டுயினோ மென்பொருளிலேயே அதை எழுதி ஓட்ட வழிசெய்தார்கள். இரண்டே ஆண்டில் அதன் தம்பி ஈஎஸ்பி32 வந்தது. அதற்குப் பிறகு இந்தத் துறையைப் பிடிக்க ஆளில்லை.

நடப்பது என்ன என்று ஒரு வீட்டை வைத்துச் சொல்கிறேன். நம்மவர் வீடுகளில் கோடை முழுதும் வெளியே நின்ற கறிவேப்பிலைச் சட்டி ஒக்டோபரில் உள்ளே வரும். ஜன்னலோரம் இடம் இல்லாவிட்டால் பேஸ்மென்டுக்குப் போகும். பேஸ்மென்டில் எவ்வளவு குளிர் என்று தெரிய, சட்டிக்குப் பக்கத்தில் டிஎஸ்18பி20 என்ற சென்சரை வைக்கலாம். உள்ளுக்குள்ளேயே அளந்து, அளவை எண்ணாகவே கொடுத்துவிடும். மூன்று கம்பிகள், ஒரு சிறு மின்தடை, அவ்வளவுதான் இணைப்பு. சிப் விழித்து, ‘எவ்வளவு?’ என்று கேட்கிறது. ‘17.5’ என்று பதில். வீட்டு ரௌட்டரிடம் கடவுச்சொல் சொல்லி உள்ளே நுழைந்து, அந்த 17.5-ஐ எங்கோ ஒரு நாட்டில் இருக்கும் சர்வரின் முகவரிக்கு அனுப்புகிறது. கூடவே ஒரு நீண்ட சாவிச் சொல்லும் போகும். இந்த எண் இன்னார் கணக்கில் ஏறவேண்டும் என்பதற்கு அது அடையாளம். சர்வர் ‘வந்தது’ என்று பதில் சொன்னதும் சிப் மறுபடி தூங்கிவிடும். ஆழ்ந்த தூக்கத்தில் அது குடிக்கும் மின்சாரம் ஒரு மில்லிஆம்பியரில் நூற்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு.

அனுப்பும் முறைகளில் ஒன்று, இணையப் பக்கங்களைத் திறக்க நாம் அன்றாடம் பயன்படுத்தும் எச்.டி.டி.பி. மற்றது எம்.க்யூ.டி.டி. இதன் பிறப்பு சுவையானது. 1999-இல் ஐபிஎம்மின் அண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும், எண்ணெய்க் குழாய்களின் அளவுகளைச் செயற்கைக்கோள் வழியாகக் கொண்டுவர இதை வகுத்தார்கள். ஒவ்வொரு பைட்டுக்கும் காசு எண்ணிக் கொடுத்த காலம். ஆகவே செய்தியைச் சுற்றியிருக்கும் உறையை இரண்டு பைட் வரை சுருக்கினார்கள். எண்ணெய்க் கம்பனியின் அந்தச் சிக்கனம்தான் இன்று கறிவேப்பிலைச் சட்டிக்கும் உதவுகிறது.

புதிதாகச் செய்பவர்கள் இடறுவது அனுப்புவதில் அல்ல, அதன் ஓரங்களில். சிப்புக்கு நேரம் தெரியாது. மின்சாரம் போய் வந்தால் அதன் நினைவில் இன்று என்ன நாள் என்பதே இருக்காது. இணைய நேர சர்வரிடம் கேட்டுத்தான் அறியும். வலையமைப்பு அறுந்து, இரவு 2 மணி அளவு காலை 8 மணிக்குப் போய்ச் சேர்ந்தால், வந்து சேர்ந்த நேரத்தையே அளந்த நேரமாகச் சில சேவைகள் பதிந்துவிடும். அளந்த கணமே நேரத்தையும் எழுதி, இணைப்பு இல்லாவிட்டால் உள்ளேயே சேமித்து, பிறகு அனுப்புகிறதுதான் ஒழுங்கான கருவி. இந்த எளிய சிப்களில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும் என்பதும், சாவிச் சொல்லோடு சேர்த்து நிரலை ஊருக்குக் காட்டினால் உங்கள் கணக்கில் யாரும் எதையும் ஏற்றலாம் என்பதும் பட்டால்தான் புரிபவை. பால்கனியில் வைப்பவர்களுக்கு ரொறன்ரோவின் ஜனவரி தனிப் பாடம் நடத்தும்: பூச்சியத்துக்குக் கீழே லிதியம் மின்கலத்தை மின்னேற்றக் கூடாது. சூரியத்தகடு பளிச்சென்று வேலை செய்யும் மைனஸ் 15 காலையில்தான் மின்கலம் சாகும்.

இவ்வளவும் கைத்திறன் சம்பந்தப்பட்டது. நாலு நாளில் பழகிவிடும். எண் எந்த வாசலில் போய் நிற்கிறது, உள்ளே இருப்பவர் யார், நாளைக்கும் இருப்பாரா என்பவை பழகித் தீராத கேள்விகள்.

2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் விபத்து நடந்தபோது, அரசின் கதிர்வீச்சு அறிக்கைகளை நம்பாத மக்கள் தங்கள் கைகர் கருவிகளை ஆர்டுயினோவில் இணைத்து, இலண்டனில் உஸ்மான் ஹக் என்பவர் தொடங்கிய ‘பச்சுபே’ என்ற சேவைக்கு அளவுகளை அனுப்பினார்கள். உலகமே பார்த்தது. அதே ஆண்டில் பச்சுபே விலைபோனது. பெயர் ‘கோசம்’ ஆகி, பிறகு ‘ஸைவ்லி’ ஆகி, 2018-இல் கூகுளின் கைக்குப் போனது. கூகுள் இதே வேலைக்கென்று தானே நடத்திய ‘ஐஓடி கோர்’ சேவையை 2023 ஓகஸ்ட் 16-இல் மூடியது. கூகுளே கடையைக் கட்டுகிற தொழிலில், இலவசமாக இடம் தரும் சிறு சேவைகள் என்றைக்கும் இருக்கும் என்று நம்புவது வெள்ளந்தித்தனம்.

கூகுள் என்றதும் ரொறன்ரோக்காரருக்கு நினைவு வரவேண்டியது கிழக்கு ஏரிக்கரை. குயின்ஸ் கீ கிழக்கில் பார்லிமென்ட் தெரு ஏரியைத் தொடும் இடத்தில் 12 ஏக்கர் நிலம், ‘கீசைட்’ என்று பெயர். 2017 ஒக்டோபர் 17-இல் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ, ஒன்ராறியோ முதல்வர் கத்லீன் வின், மேயர் ஜோன் டோரி மூவரும் ஒரே மேடையில் நின்று, கூகுளின் தாய் நிறுவனமான அல்ஃபபெட்டின் ‘சைட்வோக் லாப்ஸ்’ இந்த நிலத்தில் எதிர்கால நகரத்தைத் திட்டமிடப்போவதாக அறிவித்தார்கள். திட்டம் வரையும் ஆண்டுக்கு மட்டும் 5 கோடி அமெரிக்க டாலர். தலைவர் டான் டொக்டரோஃப், நியூயோர்க்கின் முன்னாள் துணை மேயர். மரத்தாலான மாடிக் கட்டடங்கள், பனியை உருக்கும் நடைபாதை, நிலத்தடியில் குப்பை சுமக்கும் ரோபோக்கள், எல்லாவற்றுக்கும் அடியில் எங்கும் சென்சர்கள். தெருவில் எத்தனை பேர் நடக்கிறார்கள், பெஞ்சில் யாராவது உட்காருகிறார்களா, குப்பைத்தொட்டி நிறைந்ததா, காற்று எப்படி. லேக் ஷோர் கிழக்கு 307-ஆம் இலக்கத்தில் மீன் பதனிட்ட பழைய கட்டடத்துக்கு நீலம் பூசி, மக்கள் வந்து பார்க்கவும் கேள்வி கேட்கவும் ஒரு கூடமும் திறந்தார்கள்.

கேட்டார்கள். நிறையவே கேட்டார்கள். செயற்பாட்டாளர் பியான்கா வைலி, நிறுவனம் நல்லதா கெட்டதா என்ற விவாதத்தை ஒதுக்கிவிட்டு, ஒரு நகரத்தின் தெருவில் எதை அளக்கலாம் என்ற விதியை ஒரு விற்பனையாளர் ஏன் எழுதவேண்டும் என்று கூட்டம் கூட்டமாகப் போய்க் கேட்டார். பிளாக்பெர்ரியை வளர்த்த ஜிம் பல்சிலி பத்திரிகையில் கடுமையாக எழுதினார். ஏரிக்கரை மேம்பாட்டுக்கான அரசு அமைப்பான வாட்டர்ஃபிரன்ட் ரொறன்ரோவின் ஆலோசனைக் குழுவிலிருந்து சாதியா முசாஃபர் 2018 ஒக்டோபரில் விலகினார். அதே மாதம் நடந்த இன்னொரு விலகல்தான் சென்சர் கட்டுபவர்கள் ஒவ்வொருவரும் படிக்கவேண்டியது.

ஆன் கவூகியன் 1997 முதல் 2014 வரை ஒன்ராறியோவின் தகவல், அந்தரங்க ஆணையராக இருந்தவர். எந்தக் கருவியையும் வரையும்போதே அந்தரங்கத்தைச் சேர்த்து வரையவேண்டும் என்ற கோட்பாட்டை உலகுக்குக் கொடுத்தவர். சைட்வோக் லாப்ஸ் அவரை ஆலோசகராக வைத்துக்கொண்டது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ஆளை அடையாளம் காட்டும் விவரம் பிறந்த இடத்திலேயே அழியவேண்டும். சைட்வோக் தன்னளவில் சம்மதித்தது. ஆனால் அங்கே கருவி வைக்கப்போகும் மற்ற நிறுவனங்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. அவர் விலகினார்.

பிறந்த இடம் என்பது இங்கே சிப். சந்திக் கம்பத்தில் ஒரு கமரா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதிலுள்ள சிப் படத்தை அப்படியே சர்வருக்கு அனுப்பலாம். அல்லது அங்கேயே எண்ணிவிட்டு, படத்தை அழித்துவிட்டு, ‘12 பேர்’ என்று மட்டும் அனுப்பலாம். நகரத் திட்டத்துக்கு 12 போதும். படம் போனால், இன்றைக்கு நல்லவர் கையிலிருக்கும் அது நாளைக்கு யார் கையில் என்ற கேள்வி என்றென்றைக்கும் தொடரும். சர்வரில் பிறகு அழித்துக்கொள்ளலாம் என்ற வாக்குறுதி வேறு, அனுப்பாமலே இருப்பது வேறு. கவூகியன் பிடித்து நின்றது அந்த இடத்தில்தான். போர்க்காலக் கொழும்பில் பொலிஸ் பதிவுக்கு வரிசையில் நின்றவர்களுக்கும், வீட்டில் இருப்பவர்களின் பட்டியலை ஆமிக்காரனிடம் காட்டியவர்களுக்கும் இதை யாரும் விளக்கவேண்டியதில்லை. நல்ல நோக்கத்தோடு எடுத்த கணக்கு எத்தனை கை மாறும் என்பது அவர்கள் கண்டது.

ஆனாலும் திட்டம் சென்சரால் மட்டும் சாகவில்லை என்பது என் கட்சி. 2019 பெப்ரவரியில் ரொறன்ரோ ஸ்டார் பத்திரிகையின் கைக்குக் கிடைத்த ஆவணங்கள், சைட்வோக் 12 ஏக்கரோடு நிற்க நினைக்கவில்லை, பக்கத்துப் போர்ட் லாண்ட்ஸ் பகுதியில் வருங்காலச் சொத்து வரியிலும் பங்கு எதிர்பார்க்கிறது என்று காட்டின. அந்த மாதமே ‘பிளாக் சைட்வோக்’ இயக்கம் எழுந்தது. ஏப்ரலில் கனடியக் குடிசார் சுதந்திரச் சங்கம் நீதிமன்றம் போனது. ஜூன் 24-இல் வெளிவந்த 1,524 பக்கத் திட்ட நூல் 190 ஏக்கரைப் பற்றிப் பேசியது. அளவைக் கேட்டபோது முகம் சுளித்த ஊர், நிலத்தையும் வரியையும் கேட்டபோதுதான் எழுந்து நின்றது. ஒக்டோபர் 31-இல் வாட்டர்ஃபிரன்ட் ரொறன்ரோ திட்டத்தை மறுபடி 12 ஏக்கருக்குள் அடக்கி, தரவுகளைக் காக்கத் தனி அறக்கட்டளை என்ற யோசனையையும் கைவிடச் செய்தது. 2020 மே 7-இல், கொவிட் கொண்டுவந்த பொருளாதார நிச்சயமின்மையைக் காரணம் காட்டி சைட்வோக் லாப்ஸ் திட்டத்தைக் கைவிடுவதாக டொக்டரோஃப் அறிவித்தார்.

இந்தக் கதையில் பலரும் மறந்த ஒரு நல்ல மிச்சம் உண்டு. எந்தக் கம்பத்தில் என்ன கருவி, எதை அளக்கிறது, ஆளை அடையாளம் காட்டுமா, பொறுப்பு யார் என்று தெருவில் போகிறவர் ஒரே பார்வையில் அறிய, அறுகோண வடிவப் பலகைகளை 2019-இல் சைட்வோக் லாப்ஸ் வகுத்து, யாரும் பயன்படுத்தலாம் என்று விட்டது. நம்முடைய கடைகளிலும் கோயில் வாசல்களிலும் இருக்கும் கமராக்களுக்கு அப்படி ஒரு பலகை வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கீசைட்டில் மேலிருந்து வந்த சென்சர்களை விரட்டிய ஊர், மூன்று ஆண்டு கழித்துத் தானாகவே ஓடிப்போய்ச் சென்சர்களைப் பார்த்தது. 2023 ஜூனில் கியூபெக் காடுகளின் புகை ரொறன்ரோவைச் சூழ்ந்தது. அந்த ஆண்டு கனடாவில் எரிந்தது 1.5 கோடி ஹெக்டேருக்கும் மேல். சூரியன் செம்மஞ்சளாய்த் தொங்கியது. ஒன்ராறியோ அரசுக்கு ரொறன்ரோவில் காற்றை அளக்கும் நிலையங்கள் நான்கு. கிழக்குக்கானது கென்னடி–லோரன்ஸ் சந்திப் பக்கம், தமிழ்க் கடைகளுக்கு நடுவில். நம்பகமான, விலை உயர்ந்த கருவிகள். ஆனால் நான்கே நான்கு. மோர்னிங்சைட்டில் இருப்பவருக்குத் தன் வாசலில் என்ன என்று அறிய ஆவல். அவர் திறந்தது ‘பர்ப்பிள்ஏர்’ வரைபடம்.

யூட்டாவில் ஏட்ரியன் டிப்வாட் என்பவர், வீட்டுக்கருகே சல்லி அகழும் இடத்திலிருந்து வரும் தூசியை அளக்க 2015-இல் தொடங்கியது இது. உள்ளே இருப்பது நாம் மேலே பார்த்த அதே ஈஎஸ்பி8266 சிப். சிறு விசிறி காற்றை இழுக்கும். லேசர் ஒளி அதன் குறுக்கே பாயும். துகள் ஒளியைச் சிதறடிப்பதை வைத்து, 2.5 மைக்ரோனுக்கும் நுண்ணிய தூசி எவ்வளவு என்று கணிக்கும். ஒரே பெட்டிக்குள் இரண்டு லேசர் சென்சர்கள். இரண்டும் முரண்பட்டால் ஒன்று பழுது என்று தெரிந்துவிடும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை சராசரி எண் சர்வருக்குப் போகிறது. வீட்டுக்காரர்கள் தாங்களே காசு கொடுத்து வாங்கி மாட்டி, அளவை ஊருக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

அந்த எண்ணை அப்படியே நம்பலாமா? கூடாது. காற்றில் ஈரம் கூடினால் துகள் நீரை உறிஞ்சி ஊதும், லேசருக்கு அது பெரிதாய்த் தெரியும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இந்தக் கருவிகளைத் தன் துல்லியக் கருவிகளுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, ஒரு திருத்தச் சமன்பாடு வெளியிட்டது. பெட்டி சொல்லும் எண்ணைக் கிட்டத்தட்ட பாதியாக்கி, ஈரப்பதத்துக்கும் கொஞ்சம் கழிக்கும் சமன்பாடு. ஏரிக்கரை ஊருக்கு இது மிகவும் வேண்டியது. இன்னொரு குழப்பமும் அப்போது வட்ஸ்அப் குழுக்களில் ஓடியது: ஒருவர் ‘7’ என்றார், ஒருவர் ‘170’ என்றார். முதலாவது 1-இல் தொடங்கி 10-க்கு மேல் போகும் கனடிய அட்டவணை. இரண்டாவது 500 வரை போகும் அமெரிக்க அட்டவணை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

காற்றை விட்டால் ஆறு. ஆற்றை அளப்பது இந்த ஊரில் பழைய பழக்கம், அழுகையிலிருந்து வந்த பழக்கம். 1954 ஒக்டோபர் 15 இரவு ஹேசல் புயலில் ஹம்பர் ஆறு ரேமோர் டிரைவ் வீடுகளை ஆட்களோடு அடித்துப்போனது. ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தார்கள். 1957-இல் பிறந்த ரொறன்ரோ வட்டாரப் பாதுகாப்பு ஆணையம் இன்று ஆற்று மட்டத்தையும் மழையையும் அளந்து இணையத்தில் எவரும் பார்க்க வைக்கிறது. அளந்தால் மட்டும் வெள்ளம் நிற்காது. 2013 ஜூலை 8 மாலை பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் கொட்ட, டொன் பள்ளத்தாக்கில் 1,400 பயணிகளோடு கோ ரயில் வெள்ளத்தில் சிக்கி நின்றது. 2024 ஜூலை 16-இல் மறுபடி 97.8 மில்லிமீற்றர், மறுபடி டொன் வலி பார்க்வே தண்ணீருக்குள்.

ஜூலை 8-க்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2022-இல் அதே திகதி, ரோஜர்ஸ் நிறுவனம் தன் மையக் கட்டமைப்பைப் புதுப்பிக்கும்போது ஒரு வடிகட்டியை நீக்க, பாதைத் தகவல்கள் வெள்ளமாய்ப் பாய்ந்து வலையமைப்பே சுருண்டது. 1.2 கோடிப் பேருக்கு மேல் இணைப்பு இழந்தார்கள். இன்டராக் அட்டைக் கட்டணம் வேலை செய்யாமல் கடைக்காரர் காசு கேட்டார். சிலருக்கு 911-உம் கிடைக்கவில்லை. வீட்டுச் சென்சர்கள் அன்று அளந்துகொண்டுதான் இருந்தன. எண்ணை வைத்துக்கொள்ள உள்ளே இடம் இல்லாதவை மட்டும் அந்த நாளை வெற்றாக விட்டன.

இப்போது பேஸ்மென்டுக்கு வருவோம். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இந்த உரையாடல் நடக்காத பனிக்காலம் இல்லை.

‘அண்ணை, கீழ சரியான குளிர்.’

‘தம்பி, நான் 21-லதானே வச்சிருக்கிறன்.’

‘மேல 21 அண்ணை. கீழ வந்து பாருங்கோ.’

வாடகை வீட்டுக்குச் சூடு கொடுக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையதானால், குளிர்காலத்தில் குறைந்தது 21 பாகை இருக்கவேண்டும் என்பது ரொறன்ரோ மாநகரின் துணைவிதி. அண்ணை சொல்வது நடைபாதைச் சுவரில் உள்ள எண். தம்பி சொல்வது தன் படுக்கைக்கு அருகில் உள்ளது. நியூயோர்க்கில் 2014 முதல் ‘ஹீட் சீக்’ என்ற அமைப்பு குடியிருப்பவர்களின் அறையில் சென்சர் வைத்து, மணிக்கு ஒரு அளவு பதிந்து, வழக்குக்கு உதவுகிறது. இங்கே தம்பி அதைத் தானே செய்துகொள்ளலாம். நாற்பது டாலருக்குள் முடியும். சில விஷயங்கள் தெரிந்திருக்கவேண்டும். டிஎஸ்18பி20 அரைப் பாகை முன்பின் தவறலாம். ஆகவே 20.7-ஐக் காட்டிச் சண்டைக்குப் போவதில் அர்த்தமில்லை. இரவு முழுக்க 17-இல் நிற்கும் கோடு வேறு சங்கதி. சென்சரை வெளிச்சுவரிலும் ஜன்னல் விளிம்பிலும் வைக்கக்கூடாது. அறை நடுவில், கட்டில் உயரத்தில். 311-ஐ அழைத்தால் மாநகரம் முறைப்பாட்டைப் பதியும். வீட்டுக்காரர்–வாடகைக்காரர் தீர்ப்பாயத்துக்குப் போவதானால் பதிவைக் கோப்பாக இறக்கிக் கையில் வைத்திருக்கவேண்டும். இணைய இணைப்பை மட்டும் கொடுத்துவிட்டு வழக்கு நாள் வரை அந்தச் சேவை உயிரோடு இருக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது.

அண்ணை நல்ல மனுசராயும் இருக்கலாம். ‘சரி தம்பி, கீழயும் ஒரு சென்சர் வைப்பம், அப்ப ரெண்டு பேருக்கும் தெரியும்’ என்று கடையில் வாங்கிய அறைச் சென்சர் ஒன்றோடு இறங்கி வரலாம். பெரும்பாலான தகராறுகள் அங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் அந்தச் சென்சர் வெப்பத்தோடு நடமாட்டத்தையும் கவனிக்கும் ரகமா என்று தம்பி பெட்டியைத் திருப்பிப் பார்க்கவேண்டும். அப்படியானால் அவர் வேலைக்குப் போகும் நேரமும், திரும்பி வரும் நேரமும், எந்த இரவு வரவில்லை என்பதும் மேல்மாடிக் கைபேசியில் தெரியலாம். அந்த வசதியை நிறுத்திவைக்கச் சொல்லலாம். கணக்கு யார் பெயரில் என்றும் கேட்கலாம். இரண்டையும் சென்சரைச் சுவரில் ஒட்டுவதற்கு முன்னரே பேசிக்கொள்வது நல்லது. ஒட்டிய பிறகு கேட்டால் சந்தேகப்படுகிறான் என்றாகிவிடும்.